பழைய வண்டிக்குக் கார்புரேட்டரா, இன்ஜெக்ஷனா: அறிகுறியைப் பார்த்து முடிவெடுக்கும் வழிமுறை

பழைய வண்டி வைத்திருப்பவர்கள், காற்றோடு பெட்ரோலைக் கலந்து இன்ஜினுக்கு விடும் கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு மின்னணு எரிபொருள் உட்செலுத்தலுக்கு, அதாவது பேச்சு வழக்கில் இன்ஜெக்ஷனுக்கு, மாறிவிடலாமா என்று கேட்பது பெரும்பாலும் ஏதோ ஒரு கோளாறு அவர்களை ஓயாமல் அலைக்கழித்த பிறகுதான். அந்தக் கோளாறு எது என்று பொறுமையாக விசாரித்தால், கார்புரேட்டருக்கு அதில் பங்கே இல்லை என்று தெரியவருவதும் உண்டு; கார்புரேட்டர்தான் காரணம் என்றாலும், இன்ஜெக்ஷன் அதைத் தீர்க்குமா என்பது வேறு கேள்வி. ஆகவே இவ்வழிமுறை கோளாறின் அறிகுறியிலிருந்து தொடங்கி, மாற்றுவதா வேண்டாமா என்ற முடிவைச் சோதனைகளின் இறுதியில் வைக்கிறது.

## எதையும் கழற்றும் முன்

ஸ்பார்க் பிளக், பிளக் வயர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, பாயிண்ட் இடைவெளி, டைமிங் ஆகியவற்றைப் பார்த்து முடிக்காமல் கார்புரேட்டரின் எந்தத் திருகையும் தொடக் கூடாது. இவை சரியாக இருந்தால் எல்லாச் சிலிண்டர்களிலும் கம்ப்ரஷன் அளவை எடுக்க வேண்டும். மிக உயர்ந்த அளவுக்கும் மிகத் தாழ்ந்த அளவுக்கும் இடையே 15 சதவீதத்துக்கு மேல் வேறுபாடு இருந்தால் வால்வோ பிஸ்டன் ரிங்கோ ஹெட் கேஸ்கெட்டோ பழுதாகியிருக்கிறது. அந்த நிலையில் எந்த எரிபொருள் அமைப்பைப் பொருத்தினாலும் ஐட்லிங், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோதுள்ள ஓட்டம், சீராகாது. வண்டியை இன்ஜின் வேலை தெரிந்தவரிடம் ஒப்படைப்பதே முறை.

ஒரு பாதுகாப்புக் குறிப்பு. கார்புரேட்டருக்குப் பெட்ரோல் பெரும்பாலும் 0.2 முதல் 0.5 பார் அழுத்தத்தில்தான் வருகிறது. இன்ஜெக்ஷன் குழாயில் 3 அல்லது 4 பார் வரை அழுத்தம் தங்கியிருக்கும். இன்ஜினை நிறுத்திய பிறகும் அது உடனே இறங்காது. எனவே பம்பின் ஃப்யூஸை எடுத்துவிட்டு, இன்ஜின் தானாக அணையும் வரை ஓடவிட்டு, அதன் பிறகே குழாயைக் கழற்ற வேண்டும். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

## குளிர்ந்த இன்ஜின் வெகுநேரம் செல்ஃப் அடித்தும் ஸ்டார்ட் ஆகவில்லை

### கார்புரேட்டர் வண்டியில்

ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு மேலிருந்து பார்த்தபடி சோக்கை (குளிர்ந்த இன்ஜினுக்காகக் காற்றைக் குறைக்கும் தகட்டை மூடும் பிடியை) இழுக்க வேண்டும். தானியங்கிச் சோக் என்றால் ஆக்சிலரேட்டரை ஒருமுறை முழுவதும் அழுத்தி விட வேண்டும். சோக் தகடு முழுமையாக மூடவில்லை என்றால் கேபிளோ இணைப்புக் கம்பியோ தளர்ந்திருக்கும். சரிசெய்து எண்ணெய் விட்டாலே போதும்.

சோக் மூடுகிறது, ஆனால் பல நாள் நின்ற பிறகு மட்டும் இந்தத் தொல்லை வருகிறது என்றால் அது கோளாறே அல்ல. ஃப்ளோட் அறையில், அதாவது கார்புரேட்டருக்குள் பெட்ரோலைத் தேக்கி வைக்கும் சிறு தொட்டியில், இருந்த பெட்ரோல் ஆவியாகிவிட்டது; இன்ஜினால் ஓடும் பம்ப் அதை மீண்டும் நிரப்புவதற்குத்தான் அத்தனை நேரம் செல்ஃப் அடிக்க வேண்டியிருக்கிறது. குறைந்த அழுத்தத்தில் இயங்கும் மின்பம்ப் ஒன்றைச் சேர்த்தால் சாவியைத் திருப்பிச் சில நொடிகளில் அறை நிரம்பிவிடும்.

அடுத்துப் பேட்டரி. செல்ஃப் அடிக்கும்போது அதன் முனைகளில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால், செல்ஃப் இழுக்கும் மின்சாரத்தில் ஸ்பார்க்குக்குப் பங்கு கிடைக்காது. இன்ஜெக்ஷனுக்கு மாறினாலும் அதே பேட்டரியும் எர்த் கம்பியும்தான் இருக்கும் என்பதை இங்கேயே நினைவில் வைக்க வேண்டும்.

### இன்ஜெக்ஷன் வண்டியில்

சாவியைத் திருப்பியதும் டேங்க் பக்கமிருந்து இரண்டு நொடி பம்ப் இரையும் ஓசை கேட்க வேண்டும். ஓசை இல்லையென்றால் ஃப்யூஸ், ரிலே, எர்த் என்ற வரிசையில் பார்க்க வேண்டும். பம்பைக் குற்றம் சொல்வது கடைசியில்தான். ஓசை இருந்தும் ஸ்டார்ட் ஆகவில்லையென்றால் குளிர்நீர் வெப்பச் சென்சாரின் மின்தடையை அளக்க வேண்டும். பெரும்பாலான சென்சார்கள் 20 டிகிரியில் 2,000 முதல் 3,000 ஓம் வரையும், நன்கு சூடான பிறகு சில நூறு ஓமும் காட்டும். குளிர்ந்த இன்ஜினில் சில நூறு ஓம்தான் காட்டுகிறது என்றால், இன்ஜின் சூடாக இருப்பதாக நம்பி ஈசியூ (பெட்ரோல் அளவைக் கணக்கிடும் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி) பெட்ரோலைக் குறைத்துவிடுகிறது. சென்சாரும் சரி என்றால் எரிபொருள் அழுத்தத்தை அளக்க வேண்டும். அதற்கு உரிய மீட்டரும் பழக்கமும் இல்லாதவர் அந்த வேலையை அது தெரிந்தவரிடம் விடுவது நல்லது.

சோக்கைக் கையாளத் தெரிந்த ஒருவரே ஓட்டும் வண்டிக்கு, இந்த அறிகுறி ஒன்றுக்காக மட்டும் இன்ஜெக்ஷன் தேவையில்லை. வீட்டில் நால்வர் ஓட்டி, நால்வரும் நான்கு விதமாகச் சோக்கை இழுத்து, பிளக் நனைந்து நிற்பது வாடிக்கை என்றால், அது மாற்றத்துக்கு நியாயமான காரணம்.

## சூடான இன்ஜினை நிறுத்திப் பத்து நிமிடம் கழித்தால் ஸ்டார்ட் ஆகவில்லை

பழைய வண்டிகளில் மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் அறிகுறி இது. ஒரே அறிகுறிக்கு மூன்று வெவ்வேறு காரணங்கள் உண்டு. ஒன்றுக்குரிய வைத்தியம் மற்றொன்றைக் கெடுக்கும். எனவே வண்டி நின்ற இடத்திலேயே, அது குளிர்ந்துவிடுவதற்குள், மூன்றையும் பிரித்தறிய வேண்டும்.

ஏர் ஃபில்டரை எடுத்துவிட்டுக் கார்புரேட்டரின் தொண்டைக்குள் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். இன்ஜினை நிறுத்திய பிறகு காற்றோட்டமும் நீரோட்டமும் நின்றுவிடுவதால், கீழேயுள்ள வார்ப்பிரும்பின் சூடு மெல்ல மேலேறி ஃப்ளோட் அறைப் பெட்ரோலைக் கொதிக்க வைக்கும். அப்போது பெட்ரோல் வெளிவரும் மெயின் நாசிலின் நுனியில் ஒரு துளி திரண்டு, கனத்து, ஆக்சிலரேட்டரோடு சேர்ந்து திறந்து மூடும் திராட்டில் தகட்டின் மேல் விழுவதையும், விழுந்த இடத்தில் ஈரம் பரவி விளிம்பு வழியாக உள்ளே இறங்குவதையும், அதற்குள் அடுத்த துளி திரள்வதையும் கண்ணாலேயே காணலாம். சில வண்டிகளில் மெல்லிய சீறல் ஓசையும் கேட்கும். இப்படி ஒருமுறை பார்த்தவர்கள் பிறகு இந்தக் கோளாறை மறப்பதில்லை.

### தொண்டை ஈரமாக இருந்தால்

பெட்ரோல் கொதித்து வழிந்து இன்ஜின் நனைந்துவிட்டது. ஆக்சிலரேட்டரைப் பம்ப் செய்யாமல், ஒரே அழுத்தாக முழுவதும் மிதித்துப் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடித்தால் ஸ்டார்ட் ஆகிவிடும். நிலையான தீர்வுக்கு, முதலில் ஃப்ளோட் மட்டத்தைத் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அடுத்துக் கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் (கலவையைச் சிலிண்டர்களுக்குப் பிரித்தனுப்பும் குழாய்க்கும்) இடையே பேக்கலைட் போன்ற வெப்பம் கடத்தாத தடுப்புத் துண்டு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். யாரோ ஒருவர் கேஸ்கெட் மாற்றும்போது அதைத் தூக்கி எறிந்திருப்பது அரிதல்ல. அதன் பிறகு வெப்பத் தகடு. சில இன்ஜின்களில் புகைபோக்கி மேனிஃபோல்டில் உள்ள சூடேற்றும் வால்வு துருவேறி மூடிய நிலையிலேயே சிக்கிக்கொண்டு கார்புரேட்டரின் அடியை ஓயாமல் காய்ச்சிக்கொண்டிருக்கும்; அதையும் அசைத்துப் பார்க்க வேண்டும்.

### தொண்டை உலர்ந்திருந்தால்

திராட்டிலைக் கையால் திறக்கும்போது ஆக்சிலரேட்டர் பம்பின் துளையிலிருந்து பெட்ரோல் பீச்சவில்லை என்றால், ஃப்ளோட் அறை காலியாக இருக்கிறது. குழாயில் பெட்ரோல் ஆவியாகி, ஆவியை உறிஞ்ச இயலாமல் பம்ப் வெறுமனே துடிக்கிறது. ஆக்சிலரேட்டர் பம்ப் இல்லாத கார்புரேட்டர் வகைகளில், கார்புரேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றி, பாத்திரத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். ஆனால் சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் சிந்தக்கூடும் என்பதால், உதவிக்கு ஆளில்லாமல் இதைச் செய்ய வேண்டாம். தீர்வு, புகைபோக்கிக்கு அருகே ஓடும் குழாயை விலக்குவது. அதன் பின் டேங்கின் அருகே தாழ்வான இடத்தில் மின்பம்ப் வைத்துப் பெட்ரோலை இழுப்பதற்குப் பதிலாகத் தள்ளச் செய்வது.

### பெட்ரோல் சரி, ஸ்பார்க் இல்லை என்றால்

இக்னிஷன் காயிலோ கண்டென்சரோ சூட்டில் செயலிழந்து, குளிர்ந்ததும் உயிர்பெறுகிறது. காயில் மேல் ஈரத்துணி போட்டு வண்டி கிளம்பிவிட்டால் பழுது எதில் என்பது தெரிந்துவிடும். இன்ஜெக்ஷனுக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

முதல் இரண்டு கிளைகளிலும் சொன்ன எல்லாவற்றையும் செய்தும், வெப்பமான இடங்களில் தொல்லை தொடர்ந்தால், இன்ஜெக்ஷன் அதை வேரோடு தீர்க்கும் என்று துணிந்து சொல்லலாம். டேங்குக்குள் அமர்ந்த பம்பும் 3 பாருக்கு மேற்பட்ட அழுத்தமும் பெட்ரோலைக் குழாயில் கொதிக்க விடுவதில்லை. ஆனால் செலவைக் குறைக்க வேண்டி பம்பை டேங்குக்கு வெளியே, அதுவும் டேங்கின் மட்டத்துக்கு மேலே பொருத்தினால், பழைய ஆவித் தொல்லை புதிய பம்பின் உறிஞ்சும் குழாயில் குடியேறிவிடும்.

## ஐட்லிங் ஏறி இறங்குகிறது, அல்லது நிலைக்காமல் அணைகிறது

முதலில் வேக்குவம் குழாய்கள். பழைய ரப்பர் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் மடித்துப் பார்த்தால் வெடிப்பு வாய் திறக்கும். ஒவ்வொரு குழாயாகக் கிள்ளி அடைக்கும்போது ஐட்லிங் மாறினால், கசிவு அந்தக் குழாய் போகும் வழியில்தான் உள்ளது; பிரேக் பூஸ்டரின் குழாயை விட்டுவிடக் கூடாது.

குழாய்கள் சரி என்றால், ஓடும் இன்ஜினில் மேனிஃபோல்டு கேஸ்கெட்டின் ஓரம், கார்புரேட்டரின் அடிப்பகுதி, திராட்டில் தண்டின் இரு முனைகள் ஆகிய இடங்களில் கார்புரேட்டர் கிளீனரைச் சிறிதளவே பீச்சி, இன்ஜின் ஓசை மாறுகிறதா என்று கவனிக்க வேண்டும். தீப்பொறி எழும் வயர்களுக்கும் சிவக்கக் காய்ந்த புகைபோக்கிக்கும் அருகே இதைச் செய்யக் கூடாது. தண்டின் முனையில் ஓசை மாறினால், துளை தேய்ந்து காற்று உள்ளே போகிறது. அந்தத் துளையைக் குடைந்து புஷ் போடுவது கடைசல் பட்டறை வேலை. வீட்டில் செய்யத் தக்கதல்ல.

கசிவே இல்லை என்றால் ஐட்லிங் கலவைத் திருகை மெல்ல உள்ளே திருப்ப வேண்டும். இன்ஜின் தடுமாறினால் திருகு வேலை செய்கிறது. முழுவதும் மூடி ஒன்றரைச் சுற்று திறந்து, அங்கிருந்து சீரான ஓட்டம் வரும் இடத்தைத் தேடலாம். எவ்வளவு திருப்பினாலும் மாற்றமே இல்லை என்றால், ஐட்லிங்குக்குப் பெட்ரோல் விடும் நுண்துளையான ஐடில் ஜெட் அடைத்திருக்கும், அல்லது வேகத் திருகு அளவுக்கு மீறி இறுக்கப்பட்டுத் திராட்டில் தகடு திறந்தே கிடக்கும். ஜெட்டைக் கம்பி விட்டுக் குத்தாமல் கிளீனராலும் காற்றாலும் மட்டுமே சுத்தம் செய்ய வேண்டும்; எஃகுக் கம்பி பித்தளைத் துளையைப் பெரிதாக்கிவிட்டால், பிறகு எந்தத் திருகும் அதைச் சரிக்கட்டாது.

இன்ஜெக்ஷன் பொருத்திய வண்டியிலும் இதே கசிவுகள் இதே அறிகுறியைத்தான் தரும். மேனிஃபோல்டு அழுத்தத்தை வைத்துப் பெட்ரோலைக் கணக்கிடும் அமைப்புகளில், கசிந்து நுழையும் காற்றுக்கும் சேர்த்து ஈசியூ பெட்ரோல் ஊற்றுவதால் ஐட்லிங் தாழ்வதற்குப் பதிலாக மேலே ஏறி நிற்கும். வேகப் பந்தயத்துக்கான கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) போட்ட இன்ஜின்களில் ஐட்லிங் வேக்குவம் குறைவாகவும் நடுங்கிக்கொண்டும் இருப்பதால், அத்தகைய அமைப்பு எளிதில் குழம்பும். அங்கே நன்கு அமைத்த கார்புரேட்டரே அமைதியாக ஓடுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

## ஆக்சிலரேட்டரை மிதித்ததும் ஒரு கணம் திணறுகிறது

இன்ஜினை அணைத்துவிட்டு, தொண்டைக்குள் பார்த்தபடி திராட்டிலைத் திறந்தால், திறந்த மறுகணமே பெட்ரோல் கோடுபோல் பீச்ச வேண்டும். தாமதித்தாலோ சொட்டினாலோ ஆக்சிலரேட்டர் பம்பின் டயஃப்ரம் விறைத்திருக்கிறது. அதை மாற்றுவது சிறு வேலை.

பீச்சுகிறது, ஆனாலும் திணறுகிறது என்றால் டிஸ்ட்ரிபியூட்டருக்குத் திரும்ப வேண்டும். என்னிடம் வந்த ஒரு காருக்கு மூன்று முறை கார்புரேட்டர் பிரித்துக் கட்டப்பட்டிருந்தது. உரிமையாளர் இன்ஜெக்ஷன் பெட்டியையே வாங்கிக் கையோடு கொண்டுவந்துவிட்டார். டிஸ்ட்ரிபியூட்டருக்குள், பாயிண்ட்டுக்குப் போகும் விரல் நீள வயர் உறைக்குள்ளேயே இற்றுப்போயிருந்தது. வேக்குவம் அட்வான்ஸ் தட்டை இழுக்கும்போதெல்லாம் உள்ளே இழைகள் பிரிந்து, விட்டதும் சேர்ந்துகொண்டிருந்தன. வெளியே பார்த்தால் வயரில் ஒரு கீறலும் இல்லை. இரு முனைகளையும் பிடித்து மெல்ல இழுத்தபோதுதான் அது ரப்பர்போல் நீண்டது. அந்த வயரை மாற்றியதும் கார் சரியாயிற்று. பெட்டி பிரிக்கப்படாமலே திரும்பிப் போனது.

இன்ஜெக்ஷன் வண்டியில் இதே அறிகுறிக்குத் திராட்டில் நிலைச் சென்சாரைச் சோதிக்க வேண்டும். மூடியிருக்கும்போது ஏறத்தாழ அரை வோல்ட்டும், முழுவதும் திறந்தால் நாலரை வோல்ட் வரையிலும், இடையே எங்கும் குதிக்காமல் ஏற வேண்டும்.

## கரும்புகை, பெட்ரோல் வாடை, மிகுந்த செலவு

எளிதில் தொடங்கலாம்: அழுக்கடைந்த ஏர் ஃபில்டர், முழுவதும் திறக்காத சோக். அடுத்து, ஃப்ளோட் அறைக்குள் பெட்ரோல் நுழையும் வழியை மூடும் நீடில் வால்வில் சிக்கிய தூசு. அதற்கும் அடுத்து, அந்த வால்வை இயக்கும் மிதவையான ஃப்ளோட். ஓட்டை விழுந்த பித்தளை ஃப்ளோட்டைக் காதருகே குலுக்கினால் உள்ளே பெட்ரோல் தளும்பும் ஓசை கேட்கும், வெந்நீரில் அமிழ்த்தினால் ஓட்டை உள்ள இடத்தில் குமிழி வரும். யாரேனும் வலுவான மின்பம்ப் பொருத்தி, அழுத்தச் சீராக்கியைப் பொருத்தாமல் விட்டிருந்தால், எவ்வளவு நல்ல நீடில் வால்வும் தாக்குப்பிடிக்காது.

ஆயில் அளவுக்கோலை எடுத்து முகர்ந்து பார்ப்பதும் இங்கே அவசியம். பெட்ரோல் வாடை அடித்து ஆயில் மட்டமும் உயர்ந்திருந்தால், ஃப்ளோட் வழிந்து உள்ளே இறங்கியிருக்கலாம், அல்லது இன்ஜினால் ஓடும் பம்பின் டயஃப்ரம் கிழிந்திருக்கலாம். நீர்த்த ஆயிலோடு ஓட்டினால் பேரிங்குகள் போய்விடும்; ஓட்டுவதை அங்கேயே நிறுத்திக் காரணத்தைச் சரிசெய்து, ஆயிலை மாற்றிய பிறகே வண்டியை எடுக்க வேண்டும்.

இன்ஜெக்ஷன் வண்டியில் காரணங்கள் வேறு. வெப்பச் சென்சாரின் வயர் அறுந்தால் ஈசியூ கடுங்குளிர் என்று எண்ணிப் பெட்ரோலைக் கொட்டும். அழுத்தச் சீராக்கியின் வேக்குவம் குழாயைக் கழற்றிப் பார்க்கும்போது உள்ளே பெட்ரோல் ஈரம் இருந்தால் அதன் டயஃப்ரம் கிழிந்திருக்கிறது. பழைய இன்ஜின்களில் நான் முதலில் சந்தேகிப்பது ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் உள்ள புகைபோக்கிக் கசிவைத்தான். கசிவு வழியே நுழையும் காற்றைக் கண்டு, பெட்ரோல் போதவில்லை என்று முடிவுகட்டி, ஈசியூ மேலும் மேலும் சேர்க்கிறது. ஒரு பிளக் எரியாமல் விட்டாலும் எரியாத காற்று அப்படியே வெளியேறுவதால் இதே ஏமாற்றம் நேரும். தேய்ந்த இன்ஜினின் குறைகளை இன்ஜெக்ஷன் ஈடுகட்டும் என்று நம்பி மாற்றுபவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

## மலையேறும்போது மட்டும் மூச்சுத் திணறுகிறது

ஆயிரம் மீட்டர் உயரத்துக்குக் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ பத்து சதவீதம் குறைகிறது. கார்புரேட்டரோ பழைய அளவிலேயே பெட்ரோல் விடுகிறது. மலையிலேயே இருக்கும் வண்டிக்குச் சிறிய மெயின் ஜெட் போட்டால் போதும். வாரந்தோறும் ஏறி இறங்கும் வண்டிக்கு எந்த ஜெட்டும் இரண்டு இடத்துக்கும் பொருந்தாது, இன்ஜெக்ஷனே ஏற்றது. ஆனால் சமவெளியிலும் வேகத்தில் இழுக்கவில்லை என்றால், முதலில் பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே பாய்ந்து, பிறகு வண்டி சரியாக ஓடினால், அடைத்திருப்பது மூடியின் காற்றுத் துளைதான்.

## மாதக்கணக்கில் நின்ற வண்டி

எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை உறிஞ்சும். ஆவியான பெட்ரோல் ஜெட்டில் பிசின்போலப் படியும். கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவி, கேஸ்கெட் தொகுதி மாற்றினால் பெரும்பாலும் மீண்டுவிடும். இன்ஜெக்ஷன் வண்டி நின்று கெட்டால் இன்ஜெக்டர் அடைப்பும் பம்ப் சிக்குவதும் சேர்ந்தே வரும். அவற்றைச் சுத்தம் செய்ய உரிய இயந்திரம் வைத்திருப்பவரிடம்தான் போக வேண்டும். ஆண்டுக்குச் சில நாட்களே ஓடும் வண்டிக்கு, நிறுத்தும் முன் பெட்ரோல் வரும் வழியின் அடைப்பானை மூடி ஃப்ளோட் அறையை வடிய விடும் கார்புரேட்டரே வசதி. டேங்கின் உட்புறம் துருவேறியிருந்தால், அதைச் சரிசெய்யாமல் இன்ஜெக்ஷனைப் பற்றிப் பேசுவதே வீண்.

## இன்ஜெக்ஷனுக்கு மாற்றிய பிறகு வரும் கோளாறுகள்

### செல்ஃப் அடிக்கும்போது ஸ்டார்ட் ஆகாமல், சாவியை விடும் கணத்தில் மட்டும் பற்றுகிறது

பழைய இக்னிஷன் சுவிட்சுகள் பலவற்றில், செல்ஃப் அடிக்கும் நிலையில் சில முனைகளுக்கு மின்சாரம் துண்டிக்கப்படும். ஈசியூவின் இக்னிஷன் வயரை அத்தகைய முனையில் கொடுத்திருந்தால், தேவையான நேரத்தில் அது உறங்கிவிடும். மல்டிமீட்டரை அந்த வயரில் வைத்துக்கொண்டு ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். ஈசியூவின் முதன்மை மின்கம்பியும் எர்த்தும் நேரே பேட்டரிக்கே போக வேண்டும்.

### ஓடும்போது திடீரென வெட்டுகிறது, சுழற்சி எண்ணிக்கை குதிக்கிறது

தாமிர இழை பிளக் வயர்களின் மின் இரைச்சல் ஈசியூவின் வயர்களில் ஏறுகிறது. மின்தடை உள்ள பிளக் வயர்களுக்கு மாறி, சென்சார் வயர்களைக் காயிலிலிருந்து விலக்க வேண்டும். தீரவில்லையென்றால் டிஸ்ட்ரிபியூட்டர் தண்டு ஆடுகிறதா என்று பார்க்க வேண்டும்.

### திருப்பத்தில் வெட்டுகிறது

டேங்கில் பெட்ரோல் குறையும்போது மட்டும் இப்படி நேர்ந்தால், தடுப்பில்லாத பழைய டேங்கில் பெட்ரோல் ஒருபுறம் சாய்ந்து பம்ப் காற்றை உறிஞ்சுகிறது. டேங்குக்குள் தடுப்புத் தொட்டி வைப்பது வெல்டிங் வேலை. பெட்ரோல் ஆவி நிறைந்த டேங்கில் அதைத் தானே செய்ய எவரும் முயலக் கூடாது.

### இரவில் விளக்குகள் போட்டதும் தடுமாறுகிறது

ஐட்லிங்கில் பேட்டரி முனையில் 13.8 வோல்ட்டாவது வர வேண்டும். டைனமோ உள்ள வண்டிகளில் ஐட்லிங்கில் அது வராது. ஆல்டர்னேட்டருக்கு மாறாமல் இன்ஜெக்ஷன் நிலைக்காது. 6 வோல்ட் வண்டிகளும், நேர்முனை எர்த் உள்ள வண்டிகளும், பேட்டரியை நம்பாமல் உதைத்து ஸ்டார்ட் செய்யும் பழைய இருசக்கர வாகனங்களும் கார்புரேட்டரிலேயே இருக்கட்டும் என்பது என் கருத்து.

1958ஆம் ஆண்டு மாடலில் கிரைஸ்லர் நிறுவனம் எலக்ட்ரோஜெக்டர் என்ற மின்னணு இன்ஜெக்ஷனைச் சில கார்களில் மட்டும் கொடுத்தது. அவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னர் கார்புரேட்டரே திரும்பப் பொருத்தப்பட்டது. இன்றைய அமைப்புகள் அவ்வளவு நலிந்தவை அல்ல. இருந்தாலும் மாற்றும் நாளில் கழற்றிய கார்புரேட்டரை வீசிவிடாமல், ஃப்ளோட் அறையை வடித்து, ஜெட்டுகளில் காற்றடித்து, நன்கு உலர்ந்த பிறகு, இணைப்புக் கம்பிகளோடும் தடுப்புத் துண்டோடும் ஒரே பெட்டியில் எடுத்து வைக்க வேண்டும். கேஸ்கெட்டை மட்டும் தேவைப்படும்போது புதிதாக வாங்கிக்கொள்ளலாம்.